வடிகால் அடைபட்டால்

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் 30 வருடம் மருந்துக்கடை நடத்தியவன் நான். "பச்சிலைதானே அண்ணே, என்ன பண்ணிடப் போகுது?" என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன் ஒருவன் லீவில் வந்திருந்தான். மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெடின் சாப்பிடுகிறவன். மாத்திரையை வாங்கிக்கொண்டே, "தென் அமெரிக்கா போறேன் அண்ணே, அங்க அயவாஸ்கா குடிக்கப் போறேன்" என்றான். எனக்குத் திக்கென்றது.

அயவாஸ்கா என்பது அமேசான் காட்டு மக்கள் சடங்குகளில் குடிக்கும் கஷாயம். ஒரு கொடியையும் ஒரு இலையையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். மனதை மயக்கும் டிஎம்டி இலையில் இருக்கிறது. ஆனால் இலையை மட்டும் குடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதி குடலிலும் ஈரலிலும் அதைச் சிதைத்துவிடும். கொடியில் உள்ள ஹார்மின், ஹார்மலின் அந்த நொதியைத்தான் முடக்குகின்றன.

ஐப்பசி மழையில் நம் வயலை நினைத்துப் பாருங்கள். வடிகால் நன்றாக ஓடினால் எவ்வளவு மழையையும் பயிர் தாங்கும். வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டால் சின்ன மழைக்கே சம்பா மூழ்கிவிடும். இந்த நொதி ஒரு வடிகால். மூளையில் செரடோனின் என்ற பொருளையும் அதுதான் வடிக்கிறது. பையன் சாப்பிடும் மாத்திரையும் செரடோனினைத் தேக்கி வைப்பது. ஒரு மதகை மாத்திரை அடைக்கிறது, இன்னொன்றைக் கஷாயம் அடைக்கிறது. அப்புறம் தண்ணீர் எங்கே போகும்?

இந்த நொதியைப் பற்றிப் பேசினால் எனக்கு ஒரு மருந்தாளுநர் நினைவுக்கு வருவார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமைச் சேர்ந்தவர், பெயர் ரோ. அவர் மனைவி இந்த நொதியை முடக்கும் மாத்திரை சாப்பிட்டுவந்தார். பாலாடைக்கட்டி தின்றால் மட்டும் அந்த அம்மாவுக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. ரோ அதைக் கவனித்து பிளாக்வெல் என்ற மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். அதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் மற்ற நோயாளிகளிடமும் அதையே பார்த்த பிளாக்வெல், 1963இல் லான்செட் இதழில் எழுதினார். நாள்பட்ட பாலாடைக்கட்டியில் உள்ள டைரமின் சிதையாமல் தேங்கி, ரத்த அழுத்தத்தை எகிற வைக்கிறது. நம்ம ஊர்க் கருவாட்டிலும் டைரமின் சேரும். ஒரு மருந்தாளுநர் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் கவனித்தது இது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சரி, பையனுக்கு வருகிறேன். "ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்திட்டா போதுமா?" என்று கேட்டான். போதாது. ஃப்ளூவாக்ஸெடின் உடம்பை விட்டு இறங்க ஐந்து வாரம் பிடிக்கும். அதையும் தானாக நிறுத்தினால் பழைய சோர்வு திரும்பலாம். மருத்துவரிடம் அனுப்பினேன், அவரும் அதையேதான் சொன்னார். பையன் தென் அமெரிக்கா போனான், மலை பார்த்தான், கஷாயத்தைத் தொடவில்லை.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், வலிக்குத் தரும் டிராமடால், கிருமிக்கொல்லி லினசோலிட், இவையும் இதே வடிகாலில் வந்து மோதுபவை. இப்படிக் கலந்து சாப்பிட்ட பிறகு உடம்பு கொதித்து, வேர்த்து, கைகால் வெட்டி, பேச்சு குழறினால் காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். என்னென்ன குடித்தார், என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். வணக்கம்.