கடிவாளம் பிடித்த கொக்கி: கௌட்ரே பார்க் போலோ கிளப்

[காட்சி: கூரையற்ற கற்சுவர்கள், அவற்றின் அருகே பரந்த புல்வெளி. குளம்போசை நெருங்கி வருகிறது.]

குரல்: இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், மிட்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரை ஒட்டி நிற்கிறோம். பின்னால் தெரிவது 1793-இல் தீக்கிரையான கௌட்ரே மாளிகை. அதை யாரும் திரும்பக் கட்டவில்லை. அந்த இடிபாட்டின் பக்கத்தில்தான் குதிரைகள் பாய்கின்றன.

1909-இல் இந்தப் பண்ணையை வாங்கியவர் வீட்மன் பியர்சன். மெக்சிகோ எண்ணெயில் பெரும்பொருள் ஈட்டிய ஒப்பந்தக்காரர். அவர் மகன் ஹரால்டுக்கு, குதிரைமேல் இருந்தபடி மட்டையால் பந்தை அடித்து ஆடும் போலோ என்றால் உயிர். 1910-இல் இங்கே ஆட்டம் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பிரிட்டனில் போலோ நின்றுபோனது. அதை மீட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஹரால்டின் மகன் ஜான், மூன்றாம் கௌட்ரே பிரபு. 1940-இல் பிரான்சின் டன்கிர்க்கில் நடந்த போரில் இடது கையை இழந்து திரும்பியவர் அவர்.

[காட்சி: ஆட்டக்காரரின் கைகள், மிக அருகில்.]

குரல்: இதைச் சற்று உற்றுப் பாருங்கள். போலோவில் மட்டையை வலது கையில்தான் பிடிக்க வேண்டும், அது விதி. குதிரையைத் திருப்புவதும் நிறுத்துவதும் இடது கையில் இருக்கும் கடிவாளம். ஜானுக்கு இல்லாமல் போனது அந்தக் கைதான். செயற்கைக் கையின் கொக்கியில் கடிவாளத்தை மாட்டிக்கொண்டு அவர் களமிறங்கினார். நான் மிகவும் மதிக்கும் துணிச்சல் இது. 1956-இல் அவர் தொடங்கிவைத்த தங்கக் கோப்பைதான் இன்றும் பிரிட்டனின் முதன்மைப் போட்டி.

[காட்சி: மேலிருந்து மைதானம்.]

குரல்: இறுதியாட்டம் நடப்பது லான்ஸ் மைதானத்தில். போலோ மைதானத்தின் நீளம் சுமார் 275 மீட்டர். ஐந்து கால்பந்து மைதானங்கள் தாராளமாக அடங்கும். சற்றுத் தள்ளி ஆம்பர்ஷமிலும் மைதானங்கள் இருக்கின்றன. அணிக்கு நால்வர். ஒரு சுற்று ஏழு நிமிடம். அதன் பெயர் 'சக்கர்', நம் நாட்டிலிருந்து போன சொல். மணிப்பூரில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தானே ஆங்கிலேயர் இதைக் கற்றார்கள்! ஒவ்வொரு சக்கருக்கும் குதிரையை மாற்றுவார்கள். அந்த வேகத்தில் ஓடும் குதிரைக்கு ஓய்வு அவசியம்.

[காட்சி: இடைவேளை. பார்வையாளர்கள் மைதானத்துக்குள் வருகிறார்கள்.]

குரல்: பாதி ஆட்டத்தில் எல்லாரும் புல்லில் இறங்கலாம். குளம்பு பட்டு மண்ணோடு பெயர்ந்த புல்லைக் காலால் புரட்டி, பள்ளத்தில் வைத்து மிதிக்கிறார்கள். மணி அடித்ததும் கயிற்றுக்கு வெளியே போய்விட வேண்டும், குதிரைகள் வந்துகொண்டிருக்கின்றன.