கைக்குத் தட்டுப்படாத கட்டி

நேயர்களுக்கு வணக்கம். நான் மார்பக அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர். என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், கட்டி இருக்கிறது என்கிறீர்கள். நானும் தடவித் தடவிப் பார்க்கிறேன், ஒன்றுமே தட்டுப்படவில்லையே?"

நியாயமான கேள்விதான். உண்மையைச் சொன்னால், எனக்கும் தட்டுப்படாது. மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், ஒரு சிட்டிகை உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் மிளகளவுக்கு ஒரு கருப்பு நிழல் தெரியும். அவ்வளவுதான்.

"படத்தில் தெரிகிறதே, அந்த இடத்தைப் பார்த்து எடுத்துவிட வேண்டியதுதானே" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மேமோகிராம் எடுக்கும்போது மார்பு இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுந்தியிருக்கும். ஆபரேஷன் மேசையிலோ கையை விரித்து மல்லாந்து படுத்திருப்பீர்கள். மார்பு அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிடும். படத்தில் நடுவில் இருந்த புள்ளி இப்போது அக்குள் பக்கம் போயிருக்கலாம். குத்துமதிப்பாக வெட்டினால், ஒன்று தேவைக்கு மேல் சதை போய் மார்பின் வடிவம் கெடும்; இல்லையென்றால் ஓரத்தில் புற்றுநோய் தங்கி, இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும். அதனால் முன்கூட்டியே உள்ளே ஓர் அடையாளம் வைத்துவிடுகிறோம்.

பழைய அடையாளம், கம்பி. 1970களிலிருந்து நடப்பில் இருக்கிறது. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய ஊசியைக் கட்டி வரை செலுத்துவார் ரேடியாலஜி மருத்துவர். ஊசிக்குள் இருக்கும் கம்பியின் நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்தது. ஊசியை உருவியதும் அந்தக் கொக்கி சதையில் மாட்டிக்கொள்ளும். மறுமுனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுருட்டி, மேலே பஞ்சுத் துணி வைத்து பிளாஸ்திரி ஒட்டி அனுப்புவார்கள். ஆபரேஷனில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நாங்கள் உள்ளே போவோம்.

விலை குறைவு, எங்கும் கிடைக்கும், பல பத்தாண்டு அனுபவமும் இருக்கிறது. குறை என்னவென்றால், பெரும்பாலும் ஆபரேஷன் அன்று காலையிலேயே இதைச் செய்தாக வேண்டும். வெறும் வயிறு, பயம், ஊசி, மேமோகிராம் அழுத்தம் எல்லாம் சேர்ந்து சிலர் அங்கேயே மயங்கி விழுவதுண்டு. கம்பி போட்டுக்கொண்டவர் நடந்து வருவதைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பக்கத்துக் கையை உடம்பில் ஒட்டாமல், ஏதோ பாத்திரம் தளும்பிவிடும் போல விலக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். சில நேரம் கம்பி நகர்ந்துவிடும். ரேடியாலஜியில் கூட்டம் என்றால் ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

1990களில் இத்தாலியின் மிலான் நகரத்தில் வேறு வழி கண்டார்கள்: கட்டிக்குள் டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்தைக் கொஞ்சம் ஊசியில் போட்டுவிட்டு, கதிரை உணரும் கருவியால் தேடுவது. கம்பி வேண்டாம். ஆனால் அந்தக் கதிரியக்கம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே நாள் கணக்கில் தள்ளிப்போட முடியாது.

பெரிய மாற்றம் விதைகளால் வந்தது. ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீள டைட்டானியக் குழாய், உள்ளே அயோடின் 125 என்ற கதிரியக்கப் பொருள். அரிசி மணியைவிடச் சிறியது. இதன் கதிரியக்கம் பாதியாகவே சுமார் 60 நாள் ஆகும். எனவே நாலைந்து நாள் முன்னதாகவே வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம். கதிரின் அளவு மிகக் குறைவு. ஆனாலும் கதிரியக்கப் பொருள் என்பதால் உரிமம், பதிவேடு, எத்தனை வைத்தோம் எத்தனை எடுத்தோம் என்ற கணக்கு எல்லாம் உண்டு. ஒரு விதை தொலைந்தால் தியேட்டரையே சலித்துத் தேட வேண்டும்.

அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் காந்த விதை, ராடார் அலையைத் திருப்பி அனுப்பும் சில்லு, கடைகளில் துணியில் மாட்டுகிற சில்லைப் போன்ற ரேடியோ சில்லு எல்லாம் அடுத்தடுத்து வந்தன. காந்த விதையைத் தேடும்போது வழக்கமான எஃகுக் கருவிகளை ஒதுக்கிவிட்டு பிளாஸ்டிக் அல்லது டைட்டானியக் கருவிகளை எடுக்க வேண்டும். இல்லையென்றால் விதையைத் தேடும் கருவி கத்தரிக்கோலைப் பார்த்துக் கத்தும். எம்ஆர்ஐ எடுத்தால் அந்த விதையைச் சுற்றிப் படத்தில் கருப்பாக ஓட்டை விழும். செலவும் கம்பியைவிடப் பல மடங்கு.

சரி, இதில் எது கட்டியை நன்றாகப் பிடிக்கிறது? இதைச் சொன்னால் கருவி விற்பவர்களுக்குப் பிடிக்காது: ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஓரங்களில் நோய் தங்குவதில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. விதை தருவது நேரம். ஊசியும் ஆபரேஷனும் இரண்டு வேறு நாள்களாகப் பிரிகின்றன. ஆபரேஷன் அன்று காலை அந்தப் பெண் நிம்மதியாக வரலாம். அதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் மருத்துவமனையில் கம்பிதான் என்றால், அதற்காக வேறு இடம் தேடி ஓடாதீர்கள். கை தேர்ந்தவர் போடும் கம்பி, புதிதாகப் பழகுகிறவர் வைக்கும் விதையைவிட மேல்.

அப்புறம், ஸ்கேனில் தெரிகிற கட்டியென்றால் தியேட்டரிலேயே ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டு வெட்டலாம். நெதர்லாந்தில் கைக்குத் தட்டுப்படுகிற கட்டிகளிலேயே இதைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். கையால் தொட்டு எடுத்தபோது 17 சதவீதம் பேருக்கு ஓரத்தில் நோய் இருந்தது. ஸ்கேன் பார்த்து எடுத்தபோது 3 சதவீதம். உப்புத் தூவல் போன்ற புள்ளிகள் மட்டும் இருந்தால், அவை பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது; அங்கே இது உதவாது.

முதலில் கீமோ கொடுத்துப் பிறகு ஆபரேஷன் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து நன்றாக வேலை செய்தால் கட்டி முழுவதுமே கரைந்துவிடும். சந்தோஷம்தான், ஆனால் எந்த இடத்தை எடுப்பது? அதனால் கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் ஒரு சின்ன உலோகக் கிளிப் வைத்துவிட வேண்டும். வைத்தாயிற்றா என்று முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எந்த அடையாளம் வைத்தாலும் கடைசி வேலை ஒன்றுதான். எடுத்த சதையின் ஒரு முனையில் நீள நூலும் இன்னொரு முனையில் குட்டை நூலும் போட்டு, எந்தப் பக்கம் எது என்று குறித்து, எக்ஸ்ரேக்கு அனுப்புவோம். தியேட்டரில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். போன் அடிக்கும். "கிளிப் உள்ளே இருக்கிறது, புள்ளிகளும் முழுசாக வந்துவிட்டன" என்பார்கள். அதைக் கேட்ட பிறகுதான் தையல் ஊசியைக் கையில் எடுப்பேன்.