4 சென்டிமீட்டர் ராட்சசன்! லெகோ பாப்-அப் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம்

[திரையில்: மேசை மேல் ஒரு மூடிய பிளாஸ்டிக் புத்தகம். ஒரு கை அதன் அட்டையை மெல்லத் திறக்கிறது.]

இதோ இவர் ஒரு ராட்சசன். உயரம் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர். பக்கத்தில் நிற்பவர் ஒரு பாட்டி. இவர் உயரமும் ஏறக்குறைய அதே 4 சென்டிமீட்டர்தான். ஆனால் ராட்சசன் வந்தால் ஊரே நடுங்குகிறது, பாட்டி வந்தால் எல்லாரும் நலம் விசாரிக்கிறார்கள். ஒரே அளவுள்ள இரண்டு பொம்மைகளில் ஒன்று மட்டும் எப்படி ராட்சசன் ஆனது?

இந்தக் கேள்விக்கான பதில்தான் இன்றைய செட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சொல்கிறேன். அதற்கு முன்னால் புத்தகத்தை ஒருமுறை முழுதாகத் திறந்து பாருங்கள்.

[திரையில்: புத்தகம் திறக்கிறது. உள்ளே மடங்கிக் கிடந்த சுவர்கள் எழுந்து நிற்கின்றன. மூடுகிறது. மறுபடி திறக்கிறது.]

இன்னொரு முறை. நான் இதை ஐம்பது தடவையாவது திறந்து மூடியிருப்பேன். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. திறந்தால் வீடு எழுகிறது, மூடினால் படுத்துக்கொள்கிறது.

வணக்கம் நண்பர்களே. இது லெகோ ஐடியாஸ் வரிசையில் வந்த பாப்-அப் புத்தகம். செட் எண் 21315, வெளிவந்தது 2018இல். மொத்தம் 859 துண்டுகள். அமெரிக்காவில் அப்போதைய விலை 69.99 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 5,000 ரூபாய். இப்போது தயாரிப்பில் இல்லை. லெகோ நிறுவனத்தின் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான்: டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊர், 1932இல் மரப் பொம்மைத் தச்சுப் பட்டறை, 1958இல் இன்றைய பிரிக்குக்கு, அதாவது ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைக்கு, காப்புரிமை. அவ்வளவு போதும்.

இதை யார் வடிவமைத்தார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஐடியாஸ் என்பது ரசிகர்களுக்கான வரிசை. உங்களுக்கு ஒரு யோசனை இருந்தால் கட்டிப் படம் எடுத்து அனுப்பலாம். 10,000 பேர் ஆதரவு தெரிவித்தால் நிறுவனம் அதைப் பரிசீலிக்கும். தேர்வாகிக் கடைக்கு வந்துவிட்டால், நிகர விற்பனையில் 1 சதவீதம் அந்த ரசிகருக்குப் போகும். இந்தப் புத்தகத்தை அனுப்பியவர்கள் ஜேசன் ஆலமன், கிராண்ட் டேவிஸ் என்ற இருவர். ஆலமன் அசையும் பொறிகளைக் கட்டுவதில் பெயர் பெற்றவர். 2016இல் இதே வரிசையில் வந்த, உருளும் கோலி வைத்து விளையாடும் புதிர்ப்பாதை செட்டும் அவருடைய யோசனைதான். அது தெரிந்த பிறகு இந்தப் புத்தகம் இவ்வளவு மென்மையாகத் திறப்பது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை.

சரி, இப்போது ஒரு வேலை செய்வோம். வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு தாள், ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் பசை எடுத்து வாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். இதைக் கையால் செய்து பார்த்தால்தான் இந்தச் செட்டின் அருமை தெரியும்.

[திரையில்: வெள்ளைத் தாள், கத்தரிக்கோல், பசை.]

தாளை இரண்டாக மடியுங்கள். இதுதான் உங்கள் புத்தகம். இன்னொரு தாளிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதையும் நடுவில் மடியுங்கள். பட்டையின் ஒரு முனையை இடது பக்கத்தில் ஒட்டுங்கள், மறு முனையை வலது பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டு முனைகளும் நடு மடிப்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், பட்டை கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். ஒட்டியாயிற்றா? இப்போது மூடித் திறங்கள். பட்டை கூடாரம் போல எழுந்து நிற்கிறது, இல்லையா?

பொங்கல் வாழ்த்து அட்டைகளில் திறந்ததும் பானை எழுந்து நிற்குமே, அதன் அடிப்படை இதுதான். எழுப்பும் வேலையை நம் கைதான் செய்கிறது. பக்கங்களை விரிக்கும் விசையே பட்டையை நிமிர்த்திவிடுகிறது.

இனிதான் சிக்கல் ஆரம்பம். அதே பட்டையைத் தாளில் வெட்டாமல், பார்சல் வந்த தடித்த அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டி ஒட்டிப் பாருங்கள். திறக்கும், எழும். ஆனால் மூடாது. நடுவில் முட்டிக்கொண்டு வாய் பிளந்து நிற்கும். அமுக்கினால் ஒட்டியது பிய்ந்து வரும். என் மேசையில் அப்படிப் பிய்ந்தவை நான்கு கிடக்கின்றன, காட்டுகிறேன் பாருங்கள்.

காரணம் தடிமன். தாளுக்குத் தடிமன் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம், அதனால் எத்தனை மடிப்பு மடித்தாலும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். லெகோவில் பிளேட் என்று சொல்லும் மெல்லிய தட்டைத் துண்டே 3.2 மில்லிமீட்டர். இரண்டு பிளேட் மடிந்து படுத்தால் 6.4 மில்லிமீட்டர். அதன் மேல் இருக்கும் குமிழ்களுக்கு இடம் வேண்டும். மடிகிற இடமெல்லாம் ஒரு கீல், அந்தக் கீலுக்கும் இடம் வேண்டும். தாள் வளைந்து கொடுக்கும், கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். இந்த பிளாஸ்டிக் வளையாது. கீல்கள் சரியான தூரத்தில் இல்லாவிட்டால் ஒன்று திறக்காது, அல்லது திறக்கும்போதே எங்கோ ஒரு துண்டு கழன்று மேசைக்கு அடியில் ஓடிவிடும்.

அதோடு லெகோவில் இஷ்டப்பட்ட தூரத்தில் எதையும் வைக்கவும் முடியாது. ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழ் 8 மில்லிமீட்டர். உயரத்தில் ஒரு பிரிக் 9.6 மில்லிமீட்டர். பெரும்பாலும் இந்தக் கட்டத்துக்குள்தான் எல்லாம் உட்கார வேண்டும். வாழ்த்து அட்டை செய்கிறவர் பசையை அரை மில்லிமீட்டர் தள்ளி வைக்கலாம். லெகோவில் கட்டுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மடிப்பின் கணக்கும் லெகோவின் கட்டமும் ஒத்துப்போகிற அந்த ஒரே இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும்.

புத்தகம் ஏன் இவ்வளவு தடியாக இருக்கிறது, முதுகு ஏன் இவ்வளவு அகலம் என்று முதலில் யோசித்தேன். அட்டைப்பெட்டிப் பட்டைகள் பிய்ந்த பிறகு யோசிக்கவில்லை. மடிந்த வீடு மூச்சுவிடுவதற்கான இடம் அது.

முன் அட்டையில் 'ஒரு பிரிக் ஊரிலே' என்று சொல்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு இருக்கிறது. கதை தொடங்கும் வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பார்த்த உடனே சிரித்துவிட்டேன்.

[திரையில்: பொம்மைகள் வரிசையாக.]

கதாபாத்திரங்கள்: சிவப்புத் தொப்பிச் சிறுமி, அவளுடைய பாட்டி, ஓநாய், ராட்சசன். இவர்கள் நால்வரும் வழக்கமான மினிஃபிகர்கள், அதாவது லெகோவின் குட்டி மனிதப் பொம்மைகள். ஐந்தாவது ஆள் ஜாக், அவரைக்கொடியில் ஏறி ராட்சசன் வீட்டுக்குப் போகும் கதையில் வரும் சிறுவன். ராட்சசன் பக்கத்தில் அவனை வைத்தால் பொடியனாகத் தெரிவான், விரல் நுனியில் நிற்க வைக்கலாம்.

இரண்டு கதைகளுக்கு இரண்டு காட்சிகள். ஒரு காட்சியைக் கழற்றி எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்ட வேண்டும். ஒன்று பாட்டியின் வீடு. மற்றது ஜாக்கின் ஊர். குட்டிக் குட்டி வீடுகள், புத்தகம் திறக்கத் திறக்க மேலே கிளம்பும் அவரைக்கொடி.

இப்போது ராட்சசனுக்கு வருவோம்.

கொலுவில் பார்க் வைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மண்ணைக் கொட்டி, கடுகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, தீப்பெட்டி அளவில் நாலு வீடு வைப்போம். அதன் நடுவே செட்டியார் பொம்மையைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் என்ன ஆகும்? மளிகைக் கடை வைத்திருக்கும் அந்த அப்பாவி மனிதர், வீட்டுக் கூரைகளுக்கு மேலே தொப்பை தெரிய உட்கார்ந்திருப்பார். படியில் இருந்தவரை அவர் செட்டியார். பார்க்குக்குள் இறங்கியதும் ராட்சசன்.

லெகோ வடிவமைப்பாளர்கள் செய்ததும் அதேதான். ராட்சசனுக்காகப் பெரிய பொம்மை எதுவும் அவர்கள் செய்யவில்லை. சாதாரண மினிஃபிகரை எடுத்துக்கொண்டு, அவனைச் சுற்றியிருக்கும் ஊரைச் சுருக்கிவிட்டார்கள். வீடுகள் குட்டி, ஜாக் குட்டி. நடுவில் 4 சென்டிமீட்டர் மனிதன் வந்து நின்றால் நம் கண் தானாகவே அவனை ராட்சசனாக்கிவிடுகிறது. பெரிய பொம்மை வைத்திருந்தால் அது இந்தப் புத்தகத்துக்குள் மடங்கவும் மடங்காது. இடப் பிரச்சினையையும் கதைப் பிரச்சினையையும் ஒரே அடியில் தீர்த்திருக்கிறார்கள். நான் பார்த்த லெகோ செட்களில் இதைவிட நேர்த்தியான தீர்வு இல்லை என்பது என் கருத்து. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன்.

அடுத்து, பெட்டியில் இல்லாத ஒரு ஆள்.

சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் முடிவில் யார் வருவார்? வேட்டைக்காரர். ஓநாயின் வயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பாட்டியையும் பேத்தியையும் வெளியே எடுப்பார், அப்புறம் வயிற்றில் கல்லை நிரப்புவார்கள். இந்தச் செட்டில் அவர் இல்லை. காப்பாற்ற வரவேண்டியவரையே எப்படி விட்டுவிட்டார்கள் என்று எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கதையின் வயதைப் பார்த்தால் இதில் சுவாரசியம் இருக்கிறது. அந்த வேட்டைக்காரர் வருவது ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட வடிவத்தில். அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், 1697இல், பிரான்சில் ஷார்ல் பெரோ எழுதிய வடிவத்தில் காப்பாற்ற யாருமே வருவதில்லை. ஓநாய் பாட்டியைத் தின்கிறது, சிறுமியைத் தின்கிறது, கதை முடிந்தது. ஆக, பெட்டியில் இருப்பவர்களை மட்டும் வைத்து விளையாடினால் உங்களுக்குக் கிடைப்பது 1697ஆம் ஆண்டுக் கதை!

என் மகளுக்கு ஏழு வயது. 1697ஆம் ஆண்டு முடிவை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா, இவரைக் கூப்பிடு" என்று அடுத்த கதையிலிருந்து ராட்சசனை எடுத்து வந்து பாட்டி வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

[திரையில்: பாட்டி வீட்டுக்குள் ராட்சசன். அருகில் பாட்டி.]

பாருங்கள். பாட்டிக்கும் இவருக்கும் ஒரே உயரம். கதவு இவருக்குச் சரியாக இருக்கிறது. ஊரை நடுங்கவைத்தவர் இங்கே பக்கத்து வீட்டுத் தாத்தா மாதிரி நிற்கிறார். ஒரு துண்டைக்கூட மாற்றவில்லை, காட்சி மட்டும்தான் மாறியிருக்கிறது. இதை நான் யோசிக்கவே இல்லை, அவள் செய்த பிறகுதான் கண்டேன்.

வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். இப்போது பழைய செட்தான் கிடைக்கும், பெட்டி பிரிக்காதது என்றால் விலை ஏறியிருக்கும். நான் வாங்கியதும் ஒருவர் கட்டிப் பார்த்துப் பிரித்து வைத்திருந்த செட். 'எல்லாத் துண்டும் இருக்கிறது' என்று விற்றவர் சொன்னார். எண்ணிப் பார்த்தால் ஜாக் இல்லை. கதாநாயகனே இல்லை! அதனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஜாக்கைத் தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தொலைவதற்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரு துண்டு அது. கீல் துண்டுகளையும் கேட்டு வாங்குங்கள். நிறைய தடவை திறந்து மூடிய செட்டில் அவை தளர்ந்திருந்தால் சுவர் எழுந்து நிற்காமல் சாயும்.

மற்றபடி ஒரே ஒரு குறை. ஒரு நேரத்தில் ஒரு காட்சிதான் உள்ளே இருக்க முடியும், மற்றது வெளியே தட்டில் கிடக்கும். புத்தகம் என்றால் பக்கம் புரட்டத் தோன்றும், இதில் புரட்ட முடியாது. சின்னக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள், துண்டுகள் மிகவும் சிறியவை. எட்டு ஒன்பது வயதுக் குழந்தை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுங்கள். அந்தக் கீல் பகுதி வரும்போது மட்டும் ஓட்டமாக ஓடாமல், ஒவ்வொரு படி முடிந்ததும் ஆட்டிப் பாருங்கள். எது எதை இழுக்கிறது என்று கையிலேயே தெரியும்.

உள்காட்சியைக் கழற்ற முடியும் என்பதால் நம் கதையையும் இதற்குள் கட்டலாம். நாங்கள் ஆரம்பித்துவிட்டோம். பாட்டி பெட்டியிலேயே இருக்கிறார். பழுப்பு நிற வட்டத் துண்டு ஒன்று மசால் வடை ஆகிவிட்டது. ஓநாயை நரி என்று சொல்லிச் சமாளித்துவிட்டோம். மரம், புத்தகம் திறக்கும்போது எழுந்து நிற்க வேண்டும். அந்த அவரைக்கொடியின் மடிப்பைப் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம், இதுவரை மூன்று முறை சாய்ந்துவிட்டது.

காக்கா மட்டும் இல்லை. யாரிடமாவது கருப்பு நிற லெகோ பறவை இருந்தால், அது எந்தச் செட்டில் வந்தது என்று கீழே எழுதுங்கள். மரம் நின்றதும் அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.