மனசு பாரமா இருக்குன்னா எத்தனை மார்க்?

(கோத்தகிரியில நர்ஸ் அக்காங்க, டீச்சருங்க, காலேஜ் பிள்ளைங்க கூடின ஒரு கூட்டத்துல நான் பேசினது. பேசின மாதிரியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மஞ்சூர்ல இருந்தும் கூடலூர்ல இருந்தும் இந்த மழையில பஸ் மாறி வந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

உங்கள்ல நிறைய பேர் பையில ஒரு ஃபாரம் இருக்கும். 9 கேள்வி. போன 2 வாரத்துல இப்படி எத்தனை நாள் இருந்துச்சுன்னு கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 27, 10 வந்துட்டா டாக்டர்கிட்ட அனுப்பணும்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க. பி.எச்.க்யூ-9னு பேரு, மனச்சோர்வு நோய் இருக்கான்னு பாக்குறதுக்கு. அமெரிக்காவுல க்ரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ்னு 3 பேர் 2001ல வெளியிட்டது. நல்ல கருவி தான், நான் அதக் குறை சொல்ல வரல. ஆனா அது நம்ம ஊருக்கு வந்து சேர்ற வழியில என்ன ஆகுதுன்னு சொல்லணும்.

நான் இந்த வேலைக்கு வந்த புதுசு. தேயிலை நெறைய வர்ற மாசம், ஒரு எஸ்டேட் லைன் வீட்டுல ஒரு அக்காகிட்ட ஃபாரத்தப் படிச்சுக் கேட்டேன். தூக்கம் சரியில்லையா, ஆமா. உடம்பு சோர்வா இருக்கா, ஆமா, தினமும். சாப்பாடு இறங்கலையா, ஆமா. எதுலயும் கவனம் நிக்கலையா, ஆமா. 11 மார்க். ஊட்டிக்கு அனுப்பி வெச்சேன், ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, டாக்டர் பொறுமையா பேசிப் பாத்துட்டு மனசுல நோய் ஒண்ணும் இல்ல, ரத்தம் தான் ரொம்ப கம்மியா இருக்குன்னு சொல்லி அனுப்பினார். அதே லைன்ல ரெண்டு வீடு தள்ளி இன்னொரு அக்கா, 4 மார்க். எல்லாத்துக்கும் "அதெல்லாம் இல்ல கண்ணு"ன்னு சொன்னவங்க நான் கிளம்பும்போது "ஒரே யோசனையா இருக்கு, ஓயவே மாட்டேங்குது"ன்னாங்க. அந்த வார்த்தை என் ஃபாரத்துல இல்ல. நான் குறிச்சுக்கவும் இல்ல. மூணு மாசம் கழிச்சு அவங்கள ஆஸ்பத்திரி கட்டில்ல தான் பாத்தேன். உயிர் பிழைச்சுட்டாங்க. அன்னைக்கு இருந்து இந்தக் கேள்வி என்னை விட்டு போகல, நாம கேட்டது ஒண்ணு அவங்களுக்கு கேட்டது ஒண்ணுன்னா அந்த மார்க்குக்கு என்ன அர்த்தம்?

இதே "யோசனை" வார்த்தைய ஜிம்பாப்வேயில விக்ரம் படேல்ங்கிற மனநல டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் 1990கள்ல கேட்டிருக்காங்க. அங்க ஷோனா மொழியில குஃபுங்கிசிசான்னு சொல்றாங்க, அளவுக்கு மீறி யோசிக்கிறதுன்னு அர்த்தம். அவங்க வெளிநாட்டு ஃபாரத்த மொழிபெயர்க்கிறதோட நிக்காம, அந்த ஊர் ஜனங்க தங்க கஷ்டத்த எந்த வார்த்தையில சொல்றாங்களோ அத சேகரிச்சு 14 கேள்வி உண்டாக்கினாங்க. எனக்கு இத படிச்சப்போ அந்த அக்கா முகம் தான் ஞாபகம் வந்துச்சு.

சரி, மொழிபெயர்த்தா போதாதா? ஒருத்தர் தமிழ்ல எழுதுவார், மூலத்தப் பாக்காத இன்னொருத்தர் அத திரும்ப இங்கிலீஷ்ல எழுதுவார், ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா சரி. இந்த முறைய பிரிஸ்லின்னு ஒருத்தர் 1970ல விளக்கி எழுதினார், இன்னைக்கும் எல்லாரும் இததான் செய்யறாங்க. ஆனா இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. பதட்டத்தக் குறிக்க இங்கிலீஷ்ல வயித்துல பட்டாம்பூச்சி பறக்குதுன்னு சொல்வாங்க. நான் அத அப்படியே தமிழ்ல போட்டா, திரும்ப மாத்துறவர் அச்சு அசலா அதே இங்கிலீஷ கொண்டு வந்துடுவார். காகிதத்துல நூத்துக்கு நூறு. அரவேணு பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க, வயித்துல புழுவான்னு கேப்பாங்க. நமக்கு அது "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "வயித்தக் கலக்குது". அதனால தான் மொழிபெயர்த்த பிறகு 30, 40 பேர்கிட்ட படிச்சுக் காட்டி, "நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேக்கணும்னு சொல்றாங்க. பதில விட இது முக்கியம்ங்க. சோர்வுன்னா உடம்பா மனசான்னு இங்க தான் தெரிய வரும்.

அந்த 9 கேள்வியில 7வது கவனத்த பத்தி. பேப்பர் படிக்கும்போது டிவி பாக்கும்போதுன்னு உதாரணம் இருக்கும். பேப்பரே படிக்கத் தெரியாதவங்களுக்கு அது எங்க போய் ஒட்டும்? ஹரியானாவுல பல்லப்கர்ல இதே சிக்கல், வயசானவங்க ஞாபக சக்திய சோதிக்கிற ஃபாரத்துல "கண்ண மூடுங்க"ன்னு எழுதிக் காட்டி செய்யச் சொல்லணும், படிக்கத் தெரியாதவங்க எல்லாம் அதுல தோத்துடுவாங்க. அங்க 1995ல வந்த ஹிந்தி ஃபாரத்துல, என் முகத்தப் பாத்து நான் செய்யறத செய்யுங்கன்னு மாத்தினாங்க.

9வது கேள்வி தான் எனக்கு ரொம்ப பயம். செத்துட்டா தேவலைன்னு தோணுச்சான்னு வரும். நம்ம வீட்டுல எந்தப் பாட்டி "சாமி என்னை சீக்கிரம் கூப்பிட்டுக்கட்டும்"னு சொல்லாம இருக்காங்க? அத மார்க்கா போடறதா விடறதான்னு பக்கத்துல உக்காந்து இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா தான் தெரியும். பாட்டி பேச்சு தானேன்னு மட்டும் யாரும் தள்ளிடாதீங்க. மாமியார் பக்கத்துல இருந்தா இந்தக் கேள்விய கேக்கவே வேண்டாம், லைன் வீட்டு சுவர் மெல்லிசு, வெளிய கூட்டிட்டு போய் கேளுங்க.

2 வாரத்துல எத்தனை நாள்னு கேட்டா "இருக்கும், அப்பப்ப"ன்னு தான் பதில் வருது. நான் 14 அவரைக்கொட்டைய கையில குடுத்து, ரெண்டு சந்தைக்கு முன்னாடி இருந்து எந்தெந்த நாள்னு எடுத்து வைக்கச் சொன்னேன், டக்குனு வெச்சாங்க. ஆனா கேக்குற விதத்த மாத்தினா அந்த மார்க் இன்னும் செல்லுமான்னு அதையும் சோதிக்கணும், அத மறந்துடக் கூடாது.

இப்ப மார்க் கணக்கு. ஒரு ஃபாரம் எப்பக் கேட்டாலும் ஒரே மாதிரி பதில் குடுத்தா நம்பலாம்னு நினைக்கிறோம். இலை போடுற தராசு தினமும் 2 கிலோ கம்மியா காட்டினா அதுவும் ஒரே மாதிரி தானே காட்டுது? அதனால மார்க்கே தெரியாத ஒரு மனநல டாக்டர் தனியா உக்காந்து பேசி முடிவு சொல்லணும், அதோட ஃபாரத்த ஒப்பிடணும். பிரசவம் ஆன தாய்மாருக்கான எடின்பரோ ஃபாரம் 1987ல வந்தப்போ 12, 13 மார்க்குக்கு நடுவுல கோடு போட்டாங்க, அதாவது 13 வந்தா டாக்டர்கிட்ட அனுப்பணும். வேலூர்ல தமிழ்ல சோதிச்சு 2005ல வெளியிட்டப்போ அந்தக் கோடு 8க்கும் 9க்கும் நடுவுல வந்துச்சு. இங்கிலீஷ்ல போட்ட அதே கோட்ட வெச்சிருந்தா நடுவுல இருக்கிற தாய்மாரெல்லாம் நல்லா இருக்காங்கன்னு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். 100 பேர்ல 10 பேருக்கு நோய்னு வைங்க, ஃபாரம் அதுல 8 பேர பிடிக்குது, மீதி 90ல 18 பேர தப்பா பிடிக்குது. 26 பேர் மலை இறங்கிப் போறாங்க, 8 பேருக்கு தான் நோய். 18 பேரோட கூலிய நினைச்சுப் பாருங்க.

வேலூர்ல சரியா வந்த தமிழ் இங்கயும் வருமா? வீட்டுல படுக பேசறவங்க, சிலோன்ல இருந்து வந்த குடும்பங்க, பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், எல்லாருக்கும் ஒரே தமிழ் ஃபாரத்த நீட்டுறோம். தோடர் மொத்தமே சுமார் 2,000 பேர் தான், புள்ளிவிவர சோதனைக்கு சில நூறு பேர் வேணும்னா அங்க எங்க போறது? அங்க உக்காந்து பேசிக் கேக்குறது ஒண்ணு தான் வழி, அவங்க மொழி பேசற ஒருத்தர் கூட இருந்தா தான் அதுவும் நடக்கும்.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஃபாரம் நிரப்பும்போது எந்தக் கேள்வியில அவங்க "என்ன கண்ணு கேக்குற?"ன்னு திரும்பக் கேட்டாங்களோ அந்த நம்பர வட்டம் போடுங்க. ஓரத்துல அவங்க சொன்ன வார்த்தைய சொன்னபடியே எழுதுங்க, படுகுல சொன்னா படுகுலயே, தமிழ் எழுத்துல. பேரு வேண்டாம், ஊரு வேண்டாம். மாசக் கடைசியில நானே வந்து வாங்கிக்கறேன்.