1920-இல் தொடங்கிய இரண்டு வேலைகள்

(சைதாப்பேட்டையில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கவனிப்பாரற்ற குழந்தைகளைப் பற்றியும் அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்கான பணத்தைப் பற்றியும் சேர்த்துப் பேசப் போகிறேன் என்றதும், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டீர்கள். 1920-ஆம் ஆண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த ஆண்டுதான், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போட முடிவெடுத்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது என்று கணக்கு. அதே ஆண்டில் மதராஸ் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படிப்பட்ட சட்டங்களில் அதுவே முதல். அதே ஆண்டு ஆகஸ்டில், கார்டிஃப் நகரில் பேசிய வானியலாளர் ஆர்தர் எடிங்டன், ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதால்தான் நட்சத்திரங்கள் ஒளிர்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார். இப்படி லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஆற்றல் தருவதுதான் அணுக்கரு இணைவு.

நூறு வருஷம் தாண்டியும், குழந்தைகளைக் காப்பது, இணைவை வசப்படுத்துவது என்ற இந்த இரண்டு வேலையும் முடியவில்லை. இன்றைக்குப் போடுகிற பணத்துக்குப் பலன் இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தல் வருகிற இடத்தில் அந்தப் பணத்துக்காக வாதாட ஆள் கிடைப்பதில்லை. ஆயிரம் விளக்குச் சோறே 1925-இல் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவு செய்ய ஆங்கிலேய அரசு இடம் தரவில்லை. அப்புறம் 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022-இல் காலை உணவு என்று ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பிடிவாதமாக நின்றதால்தான் அந்தச் சோறு நிலைத்தது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சோறு உண்டு. பள்ளி வயது வராத பிள்ளைக்கு? பெரும்பாக்கத்தையும் கண்ணகி நகரையும் எடுத்துக்கொள்வோம். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை அங்கே குடியேற்றினோம். வேலை மட்டும் ஊருக்குள்ளேயே இருந்துவிட்டது. விடியற்காலையில் பஸ் பிடித்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிற அம்மா, மூன்று வயதுப் பையனை ஏழு வயது அக்காவிடம் விட்டு, வெளியில் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போகிறாள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குப் பள்ளியும் இல்லை, மதியச் சோறும் இல்லை. பழைய தெருவில் பார்த்துக்கொள்ள ஒரு ஆயா இருந்தார். குடியிருப்பு மாறியபோது அந்த அண்டை அயலும் சிதறிப்போனது. பால்வாடி இருக்கிறது, ஆனால் அம்மா திரும்புவதற்குள் பூட்டிவிடுகிறார்கள்.

இதில் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குழந்தையைப் புறக்கணிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. அதே பிரிவுதான், தம் சக்திக்கு மீறிய சூழ்நிலையால் குழந்தையைக் கைவிட நேர்ந்த பெற்றோரை அந்தத் தண்டனையிலிருந்து விலக்கியும் வைக்கிறது. அந்தச் சூழ்நிலையை உண்டாக்கியவர்கள் யார் என்று சட்டம் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-இல் சட்டம் வந்தது, நல்லது. வீட்டு வேலை செய்கிற பெண் எந்த நிறுவனத்தின் கணக்கில் வருவாள்?

சரி, இப்படி இருக்கையில் அணுக்கரு இணைவுக்கு எதற்குக் கோடிகள் என்பீர்கள். நியாயமான கேள்வி. 1955-இல் ஜெனீவாவில் நம் அணு விஞ்ஞானி ஹோமி பாபா, இருபது ஆண்டுகளில் இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்த வழி கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைக்கவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி, இணைவின் மூலம் 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். ஆனால் அந்த லேசர்களை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் வேண்டியிருந்தது. பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டும் ஈட்டர் என்ற இணைவு ஆராய்ச்சி இயந்திரத்தில் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம். அதை முக்கியமாகப் பொருளாகவே தருகிறோம். சுமார் 3,850 டன் எடையுள்ள அதன் வெளிக்கலத்தின் பாகங்கள் குஜராத்தின் ஹஜீராவில் செய்யப்பட்டவை. அந்த அளவில் எஃகைப் பற்றவைக்கத் தெரிந்த கைகள் ஒரு பட்ஜெட்டில் உருவாவதில்லை. ஒரே பட்ஜெட்டில் கலைந்துபோகும். அதனால்தான் சொல்கிறேன், அந்த ஆராய்ச்சிக்குப் பணம் நிறைய வேண்டாம், நிற்காமல் வேண்டும். நாளைக்கே மின்சாரம் வரும் என்ற வாக்குறுதியும் வேண்டாம்.

ஆனாலும் வரிசை என்று ஒன்று உண்டு. இயந்திரம் பத்து வருஷம் தாமதமானால் செலவு ஏறும், அவ்வளவுதான். மூன்று வயது ஒரு குழந்தைக்கு ஒரு தடவைதான் வரும். ருமேனியாவில் அனாதை இல்லங்களில் கிடந்த குழந்தைகளை 2000-ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்கள் பிந்திப் போனவர்களைவிடத் தேறினார்கள். ஈட்டரில் டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜன் வகைகளை எரிபொருளாகக் கொண்டு வேலை தொடங்குவது 2039 என்கிறது இப்போதைய திட்டம். பெரும்பாக்கத்துப் பையன் அப்போது பிளஸ் டூ வயதில் இருப்பான். அந்த இயந்திரத்தைப் பற்றிப் படிக்கிற இடத்தில் அவன் இருப்பானா என்பது, இந்த வருஷம் அவனை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

அதனால் உங்களிடம் கேட்பது இது. பூட்டிய கதவுக்குப் பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எந்த நேரத்திலும் எடுப்பார்கள், காசு கிடையாது. அப்புறம், உங்கள் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போய், பால்வாடி எத்தனை மணிக்கு மூடுகிறது, அதை மாலை ஏழு வரை திறந்து வைக்க இன்னும் எத்தனை டீச்சர், எத்தனை ஆயா வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.