கந்தல் மனிதரை வயலில் விட்டுச் சென்றவன்

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருப்பது ஸ்டீபன் கிரேன் எழுதிய ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’. 1895இல் புத்தகமாக வந்த அமெரிக்க நாவல். சிறிய புத்தகம்தான், இரண்டு இரவுகளில் முடித்துவிட்டேன். மூன்றாம் இரவு தூக்கம் வரவில்லை.

கதை நடக்கும் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865இல். கிரேன் பிறந்தது 1871இல். எந்தப் போரையும் கண்ணால் பார்க்காமலேயே, இருபதுகளின் தொடக்கத்தில் இதை எழுதியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

ஹென்றி ஃபிளெமிங் பண்ணை வீட்டுப் பையன். படையில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நிற்கிறான். அம்மா வீர வசனம் ஏதாவது பேசுவாள் என்று எதிர்பார்க்கிறான். அவளோ உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, எட்டு ஜோடி காலுறை பின்னி வைத்திருக்கிறேன், ஓட்டை விழுந்தால் அனுப்பு, தைத்துத் தருகிறேன் என்கிறாள். இந்த இடத்தில்தான் கிரேனை நான் முழுதாக நம்பத் தொடங்கினேன்.

கதையில் வரும் சண்டை 1863ஆம் ஆண்டின் சான்சலர்ஸ்வில் போர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கதைக்குள் அந்தப் பெயரே கிடையாது. வரிசையில் நிற்கும் சிப்பாய்க்குப் புகையும் கூச்சலும் தவிர என்ன தெரியும்? முதல் தாக்குதலில் ஹென்றி நின்று சுடுகிறான். எல்லாம் முடிந்துவிட்டது என்று மூச்சு விடும்போது எதிரி மறுபடியும் வருகிறான். பக்கத்தில் சிலர் ஓட, இவனும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். பிறகுதான் காதில் விழுகிறது, மற்றவர்கள் நின்று சமாளித்துவிட்டார்கள் என்று!

காட்டுக்குள் ஓர் அணில் மீது பைன் காயை எறிகிறான். அது ஓடுகிறது. பார்த்தாயா, ஓடுவதுதான் இயற்கை என்று மனதைத் தேற்றிக்கொள்கிறான். சற்றுத் தள்ளி ஒரு பிணம், முகத்தில் எறும்புகள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

காயம்பட்டவர்கள் கூட்டத்தில் கந்தல் உடுத்த ஒருவர் அவனிடம் வாஞ்சையோடு கேட்கிறார், எங்கே அடிபட்டது தம்பி என்று. அவருக்கே இரண்டு இடத்தில் காயம். நினைவு தடுமாறும் அவரை வயலில் தனியே விட்டுவிட்டுப் போகிறான் ஹென்றி. பின்னர், ஓடிவரும் தன் படைச் சிப்பாய் ஒருவனே துப்பாக்கிக் கட்டையால் அவன் தலையில் அடிக்கிறான். அந்த ரத்தத்தோடு ஹென்றி முகாமுக்குத் திரும்பி, குண்டு பட்டது என்கிறான். படைத் தோழன் வில்சன் அதை நம்பிக் கட்டுப் போடுகிறான், தன் போர்வையையும் தருகிறான். முன்பு வாய்ச்சவடால் அடித்தவன் அவன். வளர்ச்சி என்றால் எனக்கு முதலில் தெரிவது வில்சன்தான்.

மறுநாள் ஹென்றி கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறான். அங்கேதான் அவன் ஆண்மகன் ஆனான் என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். கடைசி அத்தியாயத்தில், எல்லோரும் பாராட்டிய பிறகு, நடந்துபோகும் வழியில் அந்தக் கந்தல் மனிதர் நினைவுக்கு வருகிறார். ஹென்றி வாய்விட்டு அலறிவிடுகிறான். என்ன ஆயிற்று என்று கேட்கிறான் வில்சன். ஹென்றி கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு மௌனமாகிறான். யாரிடமும் சொல்ல முடியாத அந்த வெட்கத்தைச் சுமந்து நடக்கும் சில நிமிடங்கள்தான் எனக்கு அவனுடைய வளர்ச்சி. அதையும் அவன் மெல்லத் தள்ளிவைத்துவிடுகிறான் என்பதையும் கிரேன் மறைக்கவில்லை.

அந்தக் கந்தல் மனிதருக்குக் கடைசிவரை பெயர் இல்லை. படித்தவர்கள் இருந்தால், 24ஆம் அத்தியாயத்தை மட்டும் மறுபடி திறந்து பாருங்கள். அவனை மன்னிக்க முடிந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.