ஹென்ரியேட்டா தெரு 14ஆம் நம்பர் வீடு

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு ஒரே ஒரு வீட்டோட கதைய மட்டும் சொல்றேன். அயர்லாந்துல டப்ளின்ல ஹென்ரியேட்டா தெருன்னு இருக்கு, அதுல 14ஆம் நம்பர் வீடு. இங்கிலாந்துல ஜார்ஜ்ங்கிற பேர்ல வரிசையா ராஜாக்கள் ஆண்ட காலத்துல கட்டினதால இந்த மாதிரி வீட்டை ஜார்ஜியன் வீடும்பாங்க. வெளிய பாத்தா வெறும் செங்கல் சுவர், வரிசையா உயரமான ஜன்னல், அவ்ளோதான். உள்ள போனாதான் சுண்ணாம்புப் பூவேலை எல்லாம் தெரியும்.

1740கள் கடைசில லூக் கார்டினர்ங்கிறவர் கட்டினது, முதல்ல குடியிருந்தது மோல்ஸ்வொர்த் பிரபு, பெரிய படைத்தளபதி. 1801ல அயர்லாந்தோட பார்லிமென்ட்டே இல்லாமப் போய் அதிகாரமெல்லாம் லண்டனுக்குப் போச்சு, பிரபுக்களும் ஒவ்வொருத்தரா கிளம்பிட்டாங்க. அப்புறம் பெரிய பஞ்சம் வந்து, கடன்ல மூழ்கின ஜமீன் நிலத்தையெல்லாம் வித்துக் கணக்கு தீக்கற கோர்ட் 1850ல இதே வீட்டுக்குள்ள வந்து உக்காந்துச்சு.

மனசு ஆறாத விஷயம் இனிமேதான். 1877ல இதை வாங்கினவர் அந்தப் பிரமாண்டமான மாடிப்படியையே பேத்து எடுத்துட்டார், அந்த இடத்துலயும் ரூம் போட்டா அதுக்கும் வாடகை வருமே! 1911 சென்சஸ்ல இந்த ஒரு வீட்ல 17 குடும்பம், மொத்தம் 100 பேர். ஒரு பிரபு குடும்பத்துக்குன்னு கட்டின வீடுங்க இது. கடைசிக் குடும்பம் காலி பண்ணினது 1970கள் கடைசிலதான்.

டப்ளின் மாநகராட்சி வீட்டைக் கைல எடுத்து, பத்து வருஷத்துக்கு மேல பாடுபட்டு, 2018ல மியூசியமா திறந்தாங்க. எனக்கு ரொம்பப் புடிச்சது என்னன்னா, ஏழைங்க இருந்த அடையாளத்தை அவங்க அழிக்கவே இல்ல. நடையிலயும் படிக்கட்டுப் பக்கமும் அந்தக் காலத்து பெயின்ட் அப்படியே இருக்கு, நம்ம காவி மாதிரி ஒரு செகப்பு, கூடவே ஒரு நீலம். அந்த நீலத்துக்குப் பேரே ரெக்கிட்ஸ் ப்ளூ, வெள்ளைத்துணிக்கு நாம நீலம் போடுவோமே, அதே சாமான்தான். சாயம் உரிஞ்சு, ஆளுங்க ஒரசி ஒரசி வழவழன்னு ஆன சுவர். புதுசா பெயின்ட் அடிச்சு பிரபு காலத்து வீடா மட்டும் ஆக்கியிருந்தா அந்த 100 பேரும் இருந்த தடமே போயிருக்கும்.

தனியா உள்ள சுத்திட்டு வர முடியாது, கைடு கூடத்தான் போகணும். மேல பிரபுக்களோட பெரிய ஹால்ல ஆரம்பிச்சு, கீழ ஏழைக் குடும்பங்க இருந்த குடித்தனம் வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க. அந்தக் குடித்தனத்தை செட் பண்ணும்போது எங்க கட்டில் இருந்துச்சு, எந்த மூலைல சமைச்சாங்கன்னு, அங்கயே பொறந்து வளந்தவங்களக் கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டாங்க.